தனுஷ்கோடியிலிருந்து கோதண்டராமர் கோவில் வரை: ஒரு காலை நேர நடைக்கு வழிகாட்டி

தனுஷ்கோடி நடை என்றாலே எல்லாரும் செக்போஸ்ட் இருக்கும் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கிக் கிழக்கே பார்த்து நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைப் போய்ச் சேரும்போது தரை காய்ந்திருக்கும், சுற்றுலா வேன்கள் வரிசையாக வந்து நிற்கும், திரும்பும் வழி உச்சி வெயிலில். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். விடிந்ததும் வண்டியில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டு, அங்கிருந்து ராமேஸ்வரம் பக்கமாக நடந்து கோதண்டராமர் கோவிலில் முடியுங்கள். தனுஷ்கோடித் தீவுமுனை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. ஆகவே காலையில் ஊர் பார்த்து நடந்தால் சூரியன் முதுகில்தான் இருக்கும். நடக்க நடக்க வீடு, கடை, வண்டி எல்லாம் கூடிக்கொண்டே வரும். களைத்தால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். கிழக்கே பார்த்து நடப்பவருக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

தூரக் கணக்கு இது. சாலை முடியும் அரிச்சல்முனையிலிருந்து தனுஷ்கோடி இடிபாடு 4.5 கி.மீ. அங்கிருந்து முகுந்தராயர் சத்திரம் 5 கி.மீ. சத்திரம் தாண்டிக் கோவில் பிரிவு வரை உள்ள சாலையையும் அங்கே பிரியும் கிளைப்பாதையையும் சேர்த்தால், இடிபாட்டிலிருந்து கோவில் வாசல் வரை எட்டு, ஒன்பது கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்று பார்த்து நடந்தால் மூன்று மணி நேரம். அரிச்சல்முனையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பவர்கள் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியில் இருபுறமும் கல்லணைதான், நடப்பது தார்ச்சாலையில்தான். எங்களைக் கேட்டால் அரிச்சல்முனையை வண்டியிலேயே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இடிபாட்டில் இறங்குவது மேல்.

எந்த மாதம் போவது

இங்கே மாதத்தைத் தீர்மானிப்பது காற்று. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் அடக்கம், ஆண் கடல் சீற்றம் என்பது பாதி ஆண்டுக்குத்தான் பொருந்தும். வாடை அடிக்கும் மாதங்களில் பெண் கடல்தான் கொதிக்கும், ஆண் கடல் குளம்போல் கிடக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று கிளம்பியதும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.

பொங்கல் கழிந்து மார்ச் முடியும் வரை நடைக்கு ஏற்ற காலம். மழை நின்றிருக்கும், வாடை தணிந்திருக்கும், வளைகுடாப் பக்கத்து மணல் இறுகிக் கிடக்கும், பூநாரைகளும் இருக்கும். ஏப்ரல், மே வெயில் தாங்காது. அது போக அந்த மாதங்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வரும். தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். எச்சரிக்கை இருந்தால் கரைப்பக்கம் இறங்கவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் மணலை வாரி அடிக்கும். காலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், சாலை மேலேயே மணல் மேடு கட்டிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் திட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான், போலீஸும் உள்ளே விடாது.

ஆடி, தை அமாவாசை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தீர்த்தமாட வரும் கூட்டத்தில் சாலையில் நடக்க இடம் இருக்காது.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். இதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பொடி கலந்துகொள்ளுங்கள். இங்கே காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், வியர்க்கவே இல்லை என்று தோன்றும். தாகம் எடுக்கும் முன்பே உடம்பு வற்றியிருக்கும். அரை மணிக்கு ஒருமுறை, வேண்டுமோ வேண்டாமோ, நாலு மடக்குக் குடியுங்கள்.

காலுக்குப் பின்வார் வைத்த சாண்டல். ஷூ போட்டால் முதல் கிலோமீட்டரிலேயே உள்ளே மணல் சேர்ந்து விரலிடுக்கில் தேய்த்துக் கொப்புளம் கட்டும். ஹவாய் செருப்பு, கால் புதையும் மணலில் வார் அறுந்துவிடும். வெறுங்காலோடு நடக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். அதற்குக் காரணம் ராவணன் மீசை. மணல்மேடுகளில் உருண்டை உருண்டையாகப் புதர் கட்டியிருக்கும் இந்தப் புல்லின் ஒவ்வொரு இலையும் விறைப்பான முள். குத்தினால் நுனி ஒடிந்து உள்ளே தங்கிவிடும். காய்ந்த கதிர்ப்பந்து காற்றில் உருண்டு கரை வரைக்கும் வரும். பக்கத்திலேயே ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும் அடும்புக் கொடி மேல் தாராளமாகக் கால் வைக்கலாம்.

தொப்பியைவிடத் துண்டு நல்லது. தொப்பி பறந்துவிடும், துண்டைத் தலையோடு காதையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். முள்ளெடுக்க ஒரு சாவணம், சில்லறைப் பணம், குப்பை போட ஒரு பை. இடையில் ஏ.டி.எம். கிடையாது. கைபேசியில் சர்வதேச ரோமிங் அணைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைமன்னார் ஏறத்தாழ 29 கி.மீ. தொலைவுதான் என்பதால், இந்த முனையில் போன் சில நேரம் இலங்கைச் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும்.

புறப்பாடு

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் உண்டு, ஆட்டோவும் வரும். சத்திரத்துச் செக்போஸ்ட்டில் காலை 6 மணியளவில்தான் உள்ளே விடத் தொடங்குவார்கள், மாலை 5 மணியளவில் நிறுத்திவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் எழுவதே ஆறரைக்கு மேல்தான் என்பதால் முதல் வண்டிகளோடு உள்ளே போனாலே போதும். ஆறே முக்கால், ஏழு மணிக்குள் இடிபாட்டில் கால் வைத்துவிட்டால் கணக்கு சரியாக வரும். ஆட்டோவில் போகிறவர்கள் இரண்டு விஷயத்தை ஏறும்போதே பேசிவிடுங்கள். ஒன்று, அரிச்சல்முனை போய்வருவது கூலியில் அடக்கமா என்பது. இன்னொன்று, பத்தரைக்குக் கோதண்டராமர் கோவிலுக்கு வந்து ஏற்றிக்கொள்ள முடியுமா என்பது.

அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்காதீர்கள். இரண்டு பக்கத்து நீரோட்டமும் முனையில் மோதிச் சுழலும், காலடி மணல் நொடியில் அரிபடும். முழங்கால் ஆழம் என்று நின்ற இடம் இடுப்பு ஆழமாக மாறுவது அங்கே சாதாரணம். மணல்திட்டுகளுக்குப் படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது கேட்டாலும் வேண்டாம். அது கடல் எல்லைப் பகுதி, அனுமதியில்லாமல் போகக்கூடாது.

இடிபாடுகளில்

இங்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. இங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே டிக்கெட்டில் போன பயணம் அது. அரை நூற்றாண்டு அப்படி நடந்த ஊர் 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வந்த புயலில் ஒரே இரவில் போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலையில் அடித்துப் போனது. பிறகு அரசு இதை மக்கள் குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் இன்றுவரை குடிசை போட்டு வாழ்கிறார்கள், அவர்கள் வீட்டு முற்றம் வழியாகத்தான் நீங்கள் நடப்பீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது தேவாலயம். கூரை போய்விட்டது, சுவரும் பலிபீடப் பகுதியும் நிற்கின்றன. சுவருக்கு ஓரடி தள்ளி நின்று கல்லை மட்டும் பாருங்கள். செங்கல் இல்லை, பவளப்பாறையை வெட்டி அடுக்கியது. நட்சத்திர வடிவிலும் மூளை மடிப்பைப் போலவும் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பவளப் பூச்சி குடியிருந்த வீடு. கல்லுக்கு இடையில் சுண்ணாம்புச் சாந்து. உப்புக்காற்று சாந்துக்குள் நுழைந்து, ஈரம் காயும்போது உப்பு படிகமாக விளைந்து, சாந்தை உள்ளிருந்தே பிளக்கும். அதனால்தான் கல் முழுசாக இருக்கையிலேயே சுவர் உதிர்கிறது. வேலி போட்டிருக்கும் இடத்தில் அதைத் தாண்ட வேண்டாம். வேலியில்லாத இடத்திலும் சுவர் மேல் ஏறுவது, சாய்ந்து நிற்பது இரண்டும் கூடாது. மேல் வரிசைக் கற்கள் பிடிப்பே இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ரயில் நிலையத்தின் மிச்சமும் தண்ணீர்த் தொட்டியின் தூண்களும் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன.

கீழே கிடக்கும் பவளத் துண்டை நினைவுக்காக எடுத்துப் பையில் போடாதீர்கள். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. செத்த துண்டாக இருந்தாலும் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்வதானால் கொண்டுவந்த இட்லியை முடியுங்கள். பொரித்த மீன் கடைகள் சூடு பிடிப்பது பத்து மணிக்கு மேல்தான். காலையிலேயே எண்ணெய்ப் பலகாரத்தோடு வெயிலில் இறங்கினால் வயிறு கேட்காது.

கரையா, சாலையா

இடிபாட்டிலிருந்து சத்திரம் வரை ஐந்து கிலோமீட்டருக்கு இரண்டு வழி: தார்ச்சாலை, இல்லை வளைகுடாக் கரை. ஊர் பார்த்து நடக்கும்போது வளைகுடா உங்கள் இடக்கைப் பக்கம். வாடைக் காலத்தில் கரைதான் இதம். காற்று வலப்புறத்திலிருந்து வரும், சாலை மேடும் மணல்மேடும் அதை ஓரளவு மறைக்கும், கடலும் அமைதி. கச்சான் காலத்தில் போயே தீர வேண்டுமென்றால் சாலையை விட்டு இறங்காதீர்கள்.

கரையில் எங்கே நடப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உலர்ந்த மணலில் மணிக்கு இரண்டு, இரண்டரைக் கிலோமீட்டர் தேறாது. ஈரமணலில் நாலு கிலோமீட்டர் சாதாரணமாகப் போகலாம். மணல்பரல்களுக்கிடையே இருக்கும் கொஞ்ச நீர் அவற்றை இழுத்துப் பிடித்து வைத்திருப்பதால்தான் ஈரமணல் கெட்டியாக இருக்கிறது. நீர் அதிகமானால் அந்தப் பிடிப்பு விட்டுவிடும், மறுபடி கால் புதையும். ஆகவே அலை வந்து திரும்பும் விளிம்பை விட்டு இரண்டு முழம் மேலே, மணல் கருத்தும் மினுங்காமலும் இருக்கும் பட்டையில் நடக்க வேண்டும். குதிகால் ஒரு விரல்கடைக்கு மேல் புதைந்தால் நீங்கள் மிக மேலே இருக்கிறீர்கள், அல்லது மிகக் கீழே.

இன்னொரு தொந்தரவு சரிவு. கரை கடல் பக்கமாகச் சாய்ந்திருப்பதால் இடது கால் எப்போதும் தாழ்ந்தே விழும். மூன்று கிலோமீட்டர் அப்படியே போனால் முழங்காலின் வெளிப்பக்கமும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் கரை, அரைக் கிலோமீட்டர் சாலை என்று மாற்றி மாற்றி நடந்தால் அந்த வலி வராது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் ஏறும் நேரத்தில் ஈரப்பட்டை குறுகிப்போகும், அப்போது சாலையே போதும்.

வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். நீரிலிருந்து மணலுக்கு இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை ஆட்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள். இழுவை கூடும்போது தொய்ந்து கிடக்கும் கயிறு சட்டென்று விறைத்து எழும்பும், காலைத் தட்டிவிடும். இழுப்பவர்களுக்குப் பின்னால், மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். காயப்போட்டிருக்கும் வலையைச் செருப்புக்காலோடு மிதிக்கக் கூடாது. “அண்ணே, இப்படிப் போகலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர்களே வழி சொல்வார்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். டிராக்டர் டயர் போன தடம் போலக் கடலிலிருந்து மேடு வரை போய்த் திரும்பிய சுவடு தெரிந்தால் அதை அழிக்காமல், தோண்டாமல் விலகிப் போங்கள். வனத்துறை ஆட்கள் அந்தத் தடத்தை வைத்துத்தான் முட்டையைக் கண்டுபிடித்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

கால் நனைக்க ஆசைப்பட்டால் அடியைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து இழுத்து வையுங்கள். மணலுக்குள் பதுங்கியிருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும், மிதித்தால்தான் வாலால் அடிக்கும். அடித்துவிட்டால், தாங்குகிற அளவு சூடான நீரில் அந்தக் காலை வைத்திருந்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறியை (ஜெல்லி மீனை)ச் செத்துவிட்டது என்று தொடக்கூடாது, காய்ந்த பிறகும் அரிக்கும். பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்ப்பதும் குடிநீர் ஊற்றுவதும் அரிப்பைக் கூட்டும். கடல்நீரால் மட்டும் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை சாவணத்தால் எடுங்கள்.

மணலுக்குள் நல்ல தண்ணீர்

இரண்டு கடலுக்கு நடுவே, சில நூறு மீட்டர் அகலமே உள்ள இந்த மணலில், கையால் தோண்டினால் குடிநீர் வரும். மீனவக் குடியிருப்புகளை ஒட்டி, முழங்காலளவோ இடுப்பளவோ ஆழத்தில் ஊற்றுக் குழிகள் இருக்கும். அடியில் ஒரு குடம் நிறையுமளவு நீர் தேங்கும். சிரட்டையாலோ கிண்ணத்தாலோ மெல்ல மொண்டு, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவார்கள். மொண்ட இடம் சில நிமிடத்தில் ஊறி நிறையும்.

காரணம் எடை. ஒரு லிட்டர் கடல்நீர் ஒரு லிட்டர் மழைநீரைவிட ஏறத்தாழ 25 கிராம் கனம். மணலில் இறங்கிய மழைநீர் அடியிலுள்ள உப்புநீரோடு சட்டென்று கலக்காமல் அதன் மேல் மிதந்து நிற்கிறது. அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து இறைத்தாலோ கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும், பிறகு அந்தக் குழி அடுத்த மழை வரை உதவாது. அதனால்தான் சிரட்டை. நீங்களாகக் குழியில் இறங்கவோ பாட்டிலை முக்கவோ வேண்டாம், மேலிருந்து சரியும் மணல் அவர்களுடைய அரை நாள் வேலையைக் கெடுத்துவிடும். “அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் அதை நம்பிக் குறைவாகத் தண்ணீர் எடுத்துவராதீர்கள்.

வெள்ளைத் தரையில் கால் வைக்காதீர்கள்

வலப்பக்கம் பாக் நீரிணையை ஒட்டிய தாழ்ந்த தரைதான் இந்த நடையில் உண்மையான ஆபத்து. குறுக்கே போனால் தூரம் குறையும் என்று தோன்றும். மேலே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், பார்வைக்குக் காய்ந்த களம். அந்தப் பொருக்கு விரற்கடை கனம்கூட இருக்காது, அடியில் முழங்கால் வரை கருஞ்சேறு. நாய், ஆட்டுத் தடம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அவற்றின் எடை வேறு, நம் எடை வேறு. ஒரு கால் உடைத்து இறங்கிவிட்டால் மறுகாலை ஊன்றி உன்னாதீர்கள், அதுவும் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, சாண்டலின் வாரைத் தளர்த்தி, குதிகாலை முதலில் அசைத்து மெதுவாக உருவுங்கள். சாண்டலைப் பிறகு கையால் எடுத்துக்கொள்ளலாம்.

சத்திரத்திலிருந்து கோவில்

முகுந்தராயர் சத்திரத்தில் படகுகள், சவுக்குத் தோப்பு, செக்போஸ்ட், டீக்கடை. ஒன்பதுக்குள் வந்திருந்தால் நல்ல வேகம். ஒன்பதரை தாண்டிவிட்டது, தலை கனக்கிறது, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறது என்றால் இங்கேயே வண்டி ஏறிவிடுங்கள். இனி நடப்பது முழுக்கத் தார்ச்சாலை, நிழல் அங்கங்கேதான். வண்டிகளும் வேகமாக வரும் நேரம், அதனால் வலது ஓரமாக, எதிரே வருவது தெரியும்படி ஒற்றை வரிசையில் நடங்கள்.

கோவிலுக்கு வலப்பக்கம் பிரியும் கிளைப்பாதை, இருபுறமும் நீர் தேங்கிய உப்பங்கழி நடுவே போகிறது. நடை முழுவதிலும் நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். பிப்ரவரி, மார்ச்சில் பூநாரைகள் இங்கே ஆழமில்லாத நீரில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். 2025-இல் தனுஷ்கோடிப் பகுதியில் 500 ஹெக்டேருக்கு மேல் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்ததும் இந்த விருந்தாளிகளுக்காகத்தான். பாதையை விட்டு இறங்கி நெருங்காதீர்கள். மேயும் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் அளவுக்கு மேல் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்றுவிட்டால் மறுபடி தலை கவிழ்க்கும். இன்னும் இரண்டடி வைத்தால் கூட்டமே எழும்பிவிடும், இரை தேடும் காலைப் பொழுது அவற்றுக்கு வீண். டிரோன் பறக்கவிடுவது அதைவிட மோசம்.

விபீஷணன் ராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்று சொல்லப்படும் கோதண்டராமர் கோவில், 1964 புயலுக்குத் தப்பி நிற்கிறது. கருவறையில் ராமர், சீதை, லட்சுமணரோடு விபீஷணரையும் அனுமனையும் பாருங்கள். ராமேஸ்வரம் கோவிலின் ராமலிங்கப் பிரதிஷ்டை விழாவில் விபீஷணர் பட்டாபிஷேகம் நடப்பது இங்கேதான். அன்றைக்கு இந்தப் பாதை நடக்க ஏற்றதல்ல, சாமி கும்பிட ஏற்றது. வெறுங்காலோடு பிராகாரத்தைச் சுற்றும்போது பத்து மணிக்கு மேல் தளக்கல் சுடும், அதனால் பையில் ஒரு ஜோடி பழைய காலுறை வைத்துக்கொண்டால் உதவும்.

கோவிலிலிருந்து பிரதான சாலைக்கு மறுபடி நடந்து வந்தால்தான் பஸ். வயதானவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால், காலையில் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரிடம் மீதிக் கூலியைக் கோவில் வாசலில் தருவதாகப் பேசிவைத்திருப்பதே நல்லது. முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுத்துவிட்டால் பத்தரை என்பது பதினொன்றரை ஆகிவிடும்.